ஆண்டவர் பார்த்துக்கொள்வார்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நான் சக்கிறீஸ்தை விட்டு வெளியே வந்தபோது ஒரு தாயார் வாசலில் காத்து நின்றார். கையில், நம் வாலிபர் சங்கத்தின் கடற்கரை நடைப்பயணத்துக்காக வீடுதோறும் அனுப்பிய சம்மதச் சீட்டு. அவருடைய மகளுக்குப் பத்தொன்பது வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. “கையெழுத்து எங்கீங்க சாமி போடோணும்?” என்று கேட்டார். சீட்டைப் படித்தீர்களா என்றேன். “நீங்க கூட்டீட்டுப் போறப்ப நாங்க எதுக்குங்க படிக்கோணும்? ஆண்டவரு பாத்துக்குவாருங்க” என்றார்.

இதைவிட இனிய வார்த்தை ஒரு குருவானவரின் காதில் விழக்கூடுமோ? ஆயினும் அன்று எனக்கு அது இனிக்கவில்லை. சீட்டை வாங்காமல், வீட்டுக்குக் கொண்டுபோய் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். சாமி ஏதோ கோபமாயிருக்கிறார் என்று அவர் எண்ணியிருக்கலாம். கோபம் இருந்தது உண்மையே. அது அவர்மேல் அன்று. அவ்வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் என் மனம் ஒரு கணம் இலேசாயிற்று. என் தோளில் இருக்கவேண்டிய சுமையை யாரோ எடுத்து ஆண்டவர் தோளில் ஏற்றிவிட்டாற்போல் ஓர் ஆறுதல். அந்த ஆறுதலின்மேல்தான் எனக்குக் கோபம். அது நியாயமான ஆறுதல்தானா என்பதை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விடுமுறையில் நம் வாலிபரும் யுவதிகளுமாக இருபத்துநான்கு பேர் திருச்செந்தூர் சென்று, அங்கிருந்து மாலையில் புறப்பட்டு, ஆலந்தலை வழியாகக் கடலோரமாய் நடந்து, குலசேகரன்பட்டினத்தில் இரவு தங்கி, விடியுமுன் எழுந்து மணப்பாட்டில் காலைப் பூசைக்குச் சேர்வதென்பது திட்டம். நடக்கவேண்டிய தூரம் சுமார் 18 கிலோமீட்டர். மணப்பாட்டில் கடலை ஒட்டிய மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோவில் நிற்கிறது. அர்ச். சவேரியார் தங்கியிருந்த குகையென்று ஒன்றை அவ்வூரார் இன்றும் காட்டுவார்கள்.

இந்த இருபத்துநான்கு பேரில் பதினோரு பேர் இதுவரை கடலைக் கண்டதில்லை. கையைத் தூக்கச் சொன்னபோது எனக்கே திகைப்பாயிருந்தது. ஓவர்லாக்கில் தைத்து, செக்கிங் பார்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கி அவர்கள் அனுப்பும் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் கப்பலேறுகிறது. பெட்டி காணும் கடலைப் பெட்டி கட்டினவள் காணவில்லை. மெஷினிலிருந்து ரூமுக்கும், ரூமிலிருந்து மெஷினுக்கும் போய்வருகிற பிள்ளைகளை ஒரு நாளாவது அடிவானம் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

ஆசை ஒரு மாலையில் பிறந்துவிட்டது. திட்டமோ, இரண்டு மாதமாகியும் முடியவில்லை. முதலில் பிள்ளைகள் சொன்ன யோசனை, “சனிக்கிழமை சம்பளம் வாங்குன கையோட வண்டி ஏறீரலாங்க சாமி” என்பது. எனக்கும் அது நன்றாகவே பட்டது. பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரைக்கு நின்றவன் இரவு எட்டரைக்குத்தான் உட்காருகிறான். அதற்குமேல் 350 கிலோமீட்டருக்குக் குறையாத பஸ் பயணம். மறுநாள் மணலில் நடை. மீண்டும் அதே தூரம் திரும்பி, திங்கட்கிழமை காலை மெஷின். வண்டி ஓட்டுகிறவருக்கும் தூக்கம் என்று ஒன்று உண்டன்றோ? கடலைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். இந்தப் பயணத்தில் மிகவும் ஆபத்தான பகுதி, எல்லாம் முடிந்து எல்லாரும் உறங்கிவரும் அந்தத் திரும்பு வழிதான் என்று நான் எண்ணுகிறேன். ஆகையால் பொங்கல் விடுமுறைக்கு மாற்றினோம். ஓட்டுநர் இருவர் என்றும் வைத்தோம். செலவு கூடிற்று.

அடுத்தது நிலா. பௌர்ணமி இரவாய்ப் பார்த்து நடந்தால் டார்ச் லைட்டே வேண்டாம் என்றார்கள். அழகான எண்ணம். ஆனால் பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தான் கடலின் ஏற்றமும் வற்றமும் மற்ற நாள்களைவிடப் பெரிது. அக்கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. திறந்த மணலில் அதனால் பெரிய தொல்லையில்லை. கருமேனியாறு கடலில் விழும் மணப்பாட்டுக் கழிமுகத்திலோ, முழங்கால் தண்ணீர் இடுப்புத் தண்ணீர் ஆவதற்கு அரை மீட்டர் போதும். வெளிச்சம் தருகிற நிலாவே தண்ணீரையும் தூக்கிவிடுகிறது. மணலும் அப்படியே. ஈர மணல் கால் அமிழாமல் தாங்கும், ஆனால் அலை வருகிற இடமும் அதுதான். காய்ந்த மணலில் பயமில்லை, ஆனால் இரண்டு கிலோமீட்டருக்குள் கெண்டைக்கால் கெஞ்சும்.

கரை நெடுகிலும் நடந்துவிடலாம் என்று நான் நினைத்ததும் தவறு. கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி இறங்குதுறை கடலுக்குள் நீள்கிறது. அங்கே கரையைவிட்டு ரோட்டுக்கு ஏறியாக வேண்டும். இரவில் ரோட்டில் நடக்கிறவனுக்கு அலையைவிட லாரி பெரிய ஆபத்து. மணப்பாட்டுக்கு அப்பால் பெரியதாழை வரை போகலாமே என்று சிலர் கேட்டார்கள். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பக்கத்தில் எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதைக் காவல் நிலையத்தில் கேட்காமல் காலெடுத்து வைக்கலாகாது. ஆகவே மணப்பாட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

நிற்க. இவ்வளவு கணக்கும் பார்க்கிறவனுக்குத் தேவ பராமரிப்பில் விசுவாசம் இல்லையோ என்று ஒருவர் கேட்கலாம். ஒரு நல்ல மனிதர் கேட்கவும் செய்தார். “இத்தன யோசிச்சா ஆண்டவருக்கு என்னங்க சாமி வேல?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், கேள்வியோ சிரிப்புக்குரியதன்று.

சேசுநாதரைத் தேவாலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்திய பசாசு, கீழே குதிக்கச் சொன்னபோது என்ன காரணம் காட்டிற்று? சம்மனசுகள் கையில் ஏந்திக்கொள்வார்கள் என்று வேதாகமத்தையே எடுத்துக்காட்டிற்று. காட்டிய வசனம் பொய்யன்று. ஆண்டவர் காப்பார் என்பது உண்மைதான். அந்த உண்மையை ஒரு குதிப்புக்குச் சாக்காக ஆக்கியதிலேதான் பசாசின் கைவேலை இருந்தது. தன்னால் ஆனதைச் செய்தபின், தன் கைக்கு எட்டாததை ஆண்டவரிடம் ஒப்படைக்கிறவன் அவரைச் சோதிக்கவில்லை. தன்னால் ஆகக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மீதியை அவர் செய்யட்டும் என்று நிற்கிறவனே சோதிக்கிறான். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இவ்விரண்டையும் வெகு நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார்.

குருமடத்தில் அவருடைய நூலை வாசிக்கையில் கற்ற ஒன்று இப்போது நினைவுக்கு வருகிறது. விவேகம் என்னும் புண்ணியத்துக்கு அவர் எட்டு உறுப்புகள் சொல்கிறார். ஞாபகம், பிறரிடம் கற்கும் மனம், சூழ்நிலையைக் கவனித்தல், எச்சரிக்கை ஆகியவை அவற்றில் சில, முன்யோசனையும் ஒன்று. அந்த முன்யோசனைக்கு அவர் வழங்கும் இலத்தீன் சொல் ப்ரொவிதென்சியா. தேவ பராமரிப்புக்கும் இலத்தீனில் அதே சொல்தான். மாணவனாயிருந்தபோது அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது இருபத்துநான்கு பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. புத்தியுள்ள சிருஷ்டி, தனக்காகவும் பிறருக்காகவும் முன்கூட்டி யோசிப்பதால், சர்வேசுரனுடைய பராமரிப்பிலேயே பங்குபெறுகிறது என்பது அவருடைய போதனை. அப்படியானால், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அந்தத் தாயார் சொன்னபோது, எந்தக் கண்ணால் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிச் சொன்னார்? கூட்டிச்செல்கிறவனுக்குக் கொடுத்த கண்ணாலும்தான். அந்தக் கண்ணை அவன் மூடிக்கொண்டால், பார்த்துக்கொள்ளாதவர் ஆண்டவர் ஆகமாட்டார்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு இது ஏட்டுப் பேச்சன்று. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டபோது அதில் சிக்கிக்கொண்டவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று சென்னையிலிருந்து சென்றது. மற்றொன்று நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சென்றது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் விடுமுறை நாளில் மலையைப் பார்க்க ஆசைப்பட்டுப் போன இளவயதினர்தாம். அதன்பின் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம், வீட்டு வாசலில் நின்று வழியனுப்பிய தாய்மாரின் முகங்களே எனக்கு முன்னால் வருகின்றன.

தீங்கு நேர்ந்த இடமெல்லாம் குற்றமும் இருந்தே தீரவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. வேளாங்கண்ணிக் கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களைச் சுனாமி வாரிக்கொண்டு போயிற்று. அவர்களைக் கூட்டிச்சென்ற தகப்பன்மார்மேல் என்ன பழி? அப்படி ஓர் அலை வருகிறதென்று சொல்ல அன்று நம் கரையில் ஆளில்லை. இன்றோ ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. அதே இடத்திலிருந்து ‘கள்ளக்கடல்’ பற்றியும் அறிவிப்பு வருகிறது. தெற்கே வெகுதூரத்தில், இந்துமா சமுத்திரத்தில் அடித்த புயற்காற்று எழுப்பிய அலை, சில நாள் பிரயாணம் செய்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திருடன்போல் கரையேறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவப் பயிற்சியிலிருந்த ஐந்து இளைஞர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தது அத்தகைய எச்சரிக்கை வெளியாகியிருந்த நாள்களில்தான். இறந்தவர்களைக் குறைசொல்லும் நோக்கம் எனக்குத் துளியும் இல்லை. நான் சொல்வது என்னைப் பற்றி. அறியவே முடியாத காலத்தில் அறியாமை குற்றமன்று. கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய அறிவிப்பு இருக்கும்போது, பார்க்கவில்லை என்று நாளைக்கு நான் எந்தத் தாயிடம் சொல்ல முடியும்?

இவ்வளவு நான் வாதாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிப் பொய்யாகும்.

குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு ஊரில் உதவிக் குருவாயிருந்தேன். பீடச் சிறுவர் பதினெட்டுப் பேரை ஒரு கடற்கரைக்குக் கூட்டிச்சென்று, உற்சாக மிகுதியால் இருட்டியபின்னும் கரையோரமாய் நடத்திக்கொண்டு போனேன். முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு நான், பின்னால் சிறுவர்கள். இடையில் ஒருமுறையும் எண்ணிப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் சாப்பாட்டு இலை போடும்போதுதான் ஓர் இலை மிஞ்சிற்று. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இருட்டில் தேடினோம். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. பையன் வலையும் கயிறும் கிடந்த ஒரு படகின் மறைவில் உட்கார்ந்திருந்தான். கிளிஞ்சல் காலைக் கிழித்திருந்தது. ஏனடா கூப்பிடவில்லை என்றால், கூப்பிட்டால் எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும், சிரிப்பார்கள், அதனால் கூப்பிடவில்லை என்றான். வயது பன்னிரண்டு.

மறு ஞாயிறு அந்தப் பங்கில் எனக்குப் பாராட்டு. இவ்வளவு நல்ல பயணத்தை இதற்குமுன் யாரும் நடத்தியதில்லை என்றார்கள். நானும் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன். அந்தக் கைகூப்பல் இன்றளவும் எனக்குக் கூச்சமாயிருக்கிறது. ஒரு காரியம் நல்லபடியாக முடிந்தால், அதை நல்லபடியாகச் செய்தோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றன்று. அலை சற்று மேலேறி வந்திருந்தாலும் நான் செய்த குற்றம் அதேதான். வராததனால் அது குறையவும் இல்லை. உலகம் பலனைப் பார்த்து மாலை போடும், அல்லது கல்லெறியும். மனச்சாட்சிக்குத் தெரியவேண்டியதெல்லாம், எண்ணினாயா, எண்ணவில்லையா என்பதே. எல்லா முன்யோசனையும் செய்து, பின்னும் இழப்புக்கு ஆளான பெற்றோர் நம் பங்கிலும் உண்டு. இதே நியாயம் அவர்கள் பக்கம் நிற்கிறது என்பதையும் அவர்களுக்கு இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியானால் பயணமே வேண்டாமே என்று விட்டுவிடலாமா? உள்ளபடி சொன்னால், அந்த எண்ணம் பலமுறை வந்தது. யாரையும் எங்கும் கூட்டிச்செல்லாத குருவின்மேல் யாரும் வழக்குப் போடமாட்டார்கள். விவேகம் என்று அதற்குப் பெயரிட்டுக்கொள்ளலாம். ஆனால் என்னைக் காப்பதற்காகப் பதினோரு பேரைக் கடல் பார்க்கவிடாமல் வைத்திருப்பது விவேகம் ஆகுமோ? எஜமான் தந்த ஒரே தாலந்தைப் பத்திரமாக மண்ணில் புதைத்துவைத்தவனும் எதையும் இழக்கவில்லை. சேசுநாதரின் உவமையில் அவன் கதி என்னவாயிற்று என்று நமக்குத் தெரியும்.

போவதென்று முடிவுசெய்தபின், கற்கும் மனம் வேண்டுமே. அதற்கு எனக்கு ஒரு நல்ல ஆசிரியர் அடுத்த தெருவிலேயே கிடைத்தார். வருஷந்தோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டத்தை நடத்திச்செல்லும் பெரியவர். திருச்செந்தூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாயிருக்கும் என்று கேட்டேன். “முன்னால போறவன் கெடக்கறானுங்க சாமி. கடேசீல வர்றவன் எத்தன நேரத்துல வர்றான்னு பாருங்க. அதுதானுங்க உங்க நேரம்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கணக்கு முழுவதும் மாறிற்று. மணலில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று போட்டிருந்தேன். அது முன்னால் போகிறவனுடைய கால். இரண்டு என்று போட்டால், ஆறு மணி நேர நடை ஒன்பது மணி நேரமாகிறது. ஆகவே மாலையில் கல்லாமொழி வரைதான் நடை. அங்கிருந்து குலசேகரன்பட்டினத்துக்கு வண்டி. இரவில் ரோட்டில் நடப்பதும் அதனால் இல்லாமற்போயிற்று. கழிமுகத்தையும் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியே காலையில் மணப்பாடு. பிள்ளைகளுக்கு இதில் ஏமாற்றந்தான்.

மிகவும் சூடாக நடந்த விவாதம், எப்போது திரும்புவது என்பதைப் பற்றியது. திரும்பும் முடிவை இங்கேயே, இந்தத் திருப்பூரிலேயே, உலர்ந்த தரையில் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும் என்றேன். அங்கே போனபின் ஆசையும், கொடுத்த பணமும், வெட்கமும் மூன்று பக்கமும் நின்று நம்மை முன்னே தள்ளும். அப்போது விவேகத்தின் சொல் காதில் ஏறாது. ஏழு மணிக்குள் கல்லாமொழியை எட்டாவிட்டால், எந்த இடத்தில் நிற்கிறோமோ அங்கிருந்தே ரோட்டுக்கு ஏறிவிடுவது. அன்று மீனவர் கடலுக்குப் போகவில்லையென்றால் நாமும் கரையில் இறங்குவதில்லை. வழியில் மூன்று பேருக்கு மட்டும் அதிகாரம்: கூட வரும் உள்ளூர் மீனவர் ஒருவர், நம் பங்கின் நர்ஸ் அம்மாள், கடைசியில் நடந்துவருபவர். இம்மூவரில் எவர் ஒருவர் ‘திரும்பலாம்’ என்றாலும் திரும்புவது, காரணம் கேட்கலாகாது. நானும் கேட்கலாகாது.

ஒரு வாலிபன் எழுந்து, “ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாங்களே சாமி” என்றான். கெட்டிக்காரப் பிள்ளை. லாபமும் நஷ்டமும் எல்லார்மேலும் சமமாய் விழும் காரியத்தில் ஓட்டு நியாயமானது. வீங்கின கால் ஒருத்தியுடையதாயிருக்க, வீங்காத இருபத்துமூன்று ஜோடிக் கால்கள் கைதூக்கி அதை முன்னே நடக்கச் சொல்வதற்கு என்ன உரிமை? அவன் உட்கார்ந்துவிட்டான்; ஒப்புக்கொண்டானா என்பது தெரியவில்லை. அவன் ஒன்று மட்டும் முணுமுணுத்தான்: “சவேரியார் இப்பிடி நெனச்சிருந்தா மணப்பாட்டுக்கே வந்திருக்கமாட்டாரு.”

அவனுக்கு அன்று பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். 1544 ஜூன் மாதம், வடுகருக்குத் தப்பியோடிய கிறிஸ்தவர்கள் கன்னியாகுமரி முனைப் பாறைகளில் பசியும் தாகமுமாய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். அர்ச். சவேரியார் இருபது தோணிகளோடு அவர்களுக்கு உதவப் புறப்பட்டார். எட்டு நாள் எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் முனையை எட்ட முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பிவிட்டார். தம் துணைவர் மான்சிலாஸுக்கு அங்கிருந்து எழுதிய கடிதத்தில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். அவர் நமபிக்கையில் குறைந்தவரோ? ஜனங்கள் சாகக் கிடக்கும்போது, தானியத்தோடு போன அர்ச்சியசிஷ்டவரே தோணியைத் திருப்பினார். பிறகு தரைவழியாய் முனைக்குச் சென்று அவர்களைக் கண்டார். நாமோ கடல் பார்க்கப் போகிறோம்.

கடைசியாக அந்தச் சம்மதச் சீட்டு. அதில் கையெழுத்து வாங்கினால் பொறுப்பு பெற்றோர்மேல் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் சட்டப்படி தாயின் கையெழுத்தே வேண்டியதில்லை. நம் வழக்கப்படி வாங்குகிறோம், வாங்குவதும் நல்லதே. ஆனால் படிக்காமல் போட்ட கையெழுத்து, என் சுமையில் ஒரு பலம்கூடக் குறைக்காது. அங்கியைப் பார்த்துக் கையெழுத்திடுகிறவர் தம் மகளை என் வார்த்தையின்மேல் விடுகிறார். என் வார்த்தை என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஆகையால் சீட்டைப் புதிதாய் எழுதினேன். எங்கே கடல் ஆழம், எங்கே ரோடு, எப்போது திரும்புவோம், யார் சொன்னால் திரும்புவோம் எல்லாம் அதில் உண்டு.

புதன்கிழமை சகாயமாதா நவநாளுக்கு வந்த அத்தாயார், முடிந்தபின் என்னிடம் வந்தார். மகள் இரண்டு முறை வாசித்துக் காட்டினாளாம். “பாதியில திரும்பி வந்துட்டா, குடுத்த காச திருப்பித் தருவீங்களாங்க சாமி?” என்று கேட்டார். தரமாட்டேன், பஸ்ஸுக்குப் போய்விடும் என்றேன். சற்று நேரம் யோசித்தார். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.